ஐம்பத்தொன்பது புள்ளி மூன்று

எங்கள் கத்திவாக்கத்தில்
துணி காயப்போடுமுன் சிம்னியைப் பார்ப்பார்கள்.
கொண்டல் அடித்துப் புகை மேற்கே சாய்ந்தால் காயப்போடலாம்.
கச்சான் என்றால் பொறுக்கணும்.
பொறுக்காதவள் வீட்டில்
அன்றைக்கு யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டை போச்சு.

பின்னாளில் ஆய்வுக்கூடத்தில்
மாதிரி இறக்கையின்மேல் புகை விட்டு
"ஓட்டம் கண்ணுக்குத் தெரிகிறதா?" என்றார்கள்.
எட்டு வயசிலிருந்தே தெரிகிறது என்று சொல்லவில்லை.
பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

இளநிலையில் ஐம்பத்தொன்பது புள்ளி மூன்று.
அறுபதுக்குத்தான் முதல் வகுப்பு.
கடைசிப் பருவம், பாய்ம இயக்கவியல் தாளன்று
கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயில்
நாற்பது நிமிடம் நின்றது.
ரயிலைக் குறை சொல்லவில்லை.
படித்துமிருக்கவில்லை.

மேல்படிப்பில் இரண்டாம் வாரம்
கரும்பலகையில் ஒரு கணக்கு இறங்கி வந்து முடிந்தது:
வீசும் காற்றிலிருந்து
எந்தக் காற்றாலையாலும், எத்தனை கோடி கொட்டினாலும்,
ஐம்பத்தொன்பது புள்ளி மூன்று சதவீதத்துக்கு மேல்
எடுக்க முடியாது.
மிச்சத்தை விட்டுவிட வேண்டும்.
முழுசாக எடுத்தால் காற்று அங்கேயே நின்றுவிடும்,
பின்னால் வருகிற காற்றுக்கு வழி இருக்காது.

வகுப்பில் நான் மட்டும் சிரித்தேன்.
வெளியே போகச் சொன்னார்கள்.

என் முனைவர் பட்டம் அழுக்கைப் பற்றியது.
இறக்கையின் முன்விளிம்பில் தூசி ஒட்டினால்
தூக்குவிசை எவ்வளவு குறையும்?
உப்புத்தாள் வாங்க நிதி வர மூன்று மாதமாகும் என்றார்கள்.
மொட்டைமாடியைப் பெருக்கி
ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் சாம்பல் கொண்டுபோனேன்.
மூன்று சல்லடை, கொஞ்சம் பசை,
நாற்பது சென்டிமீட்டர் இறக்கை.
பதினெட்டு சதவீதம் விழுந்தது.

கட்டுரையைத் திருப்பி அனுப்பியவர் கேட்டிருந்தார்:
இத்துகளின் தர எண் என்ன?
எண்ணூர், என்று எழுதினேன்.
அடித்துவிட்டு மைக்ரானில் கொடுத்தேன்.
பதினான்கு மாதம் கழித்து அச்சானது.
முதல் பெயர் என்னுடையதல்ல.

அப்புறம் பதினேழு வருஷம் தொகுப்பூதியம்.
மே மாதம் வேலை போகும், ஜூலையில் திரும்பி வரும்,
பருவக்காற்று மாதிரி என்று சொல்வேன்,
பருவக்காற்றுக்கு வீட்டு வாடகை இல்லை.
நேர்காணலில் கோப்பைப் புரட்டி
எல்லோரும் ஒரே பக்கத்தில் நிற்பார்கள்:
"தேசராணி... இளநிலையில் முதல் வகுப்பு இல்லையேம்மா."
காற்றாலைக்கும் இல்லை சார், என்றேன் ஒருமுறை,
புழல் பக்கத்துக் கல்லூரியில்.
ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.
அவர் கணக்குத் துறை.

போன மார்கழி, இரவு பதினொன்றரை.
துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை.
எனக்கு முன்னால் ஒரு இறக்கை.
அறுபது மீட்டர் இருக்கும், கப்பலேறப் போகிறது.
வளைவில் திரும்ப முடியாமல்
சிவப்புத் துணி கட்டிய அதன் நுனி
என் ஸ்கூட்டியின் முகத்துக்கு நேரே நின்றது.

வண்டியை ஓரம் கட்டி, எக்கி,
முன்விளிம்பில் விரலை ஓட்டினேன்.

சாம்பல்.

கிளீனர் ஓடி வந்தான்.
"யக்கா, இன்னா பண்ற? எக்ஸ்போர்ட்டு மாலு, தொடாத."
"தொடச்சிட்டு ஏத்துங்கப்பா, பதினெட்டு பர்சன்ட் போயிடும்."
"மழ பேஞ்சா தானா பூடும், போக்கா."

மழை.
எவ்வளவு மழை, எந்த வேகத்தில்,
எத்தனை மைக்ரான் வரை கழுவும்?
இதை நான் சோதித்ததே இல்லை.

பையில் துழாவினேன்.
பெட்ரோல் ரசீதின் பின்பக்கம் காலியாக இருந்தது.
வரிசை நகர்ந்துவிட்டது போல,
பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தார்கள்.