மணமில்லாத களிம்பு

ஏழாம் மாதம் ஸ்வன்டிஸுக்கு
மீன் வாடை ஆகாமல் போயிற்று.
போலுங்கார்விக்கில் இருந்துகொண்டு
காற்றே ஆகவில்லை என்பதுபோல.
படகுத்துறையிலேயே மேல்சட்டையைக் கழற்றி
எலுமிச்சைத் தோலால் கைகளைத் தேய்த்துவிட்டு
வாசலில் நிற்பேன், உத்தரவுக்காக.

அப்போதுதான் வந்திருந்தது முதல் வரி.
தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம்,
கன்றிய சிவப்பில், தூண்டில் கயிற்றின் தடிமனில்.
மறுவாரம் ஆறு.
அதன்பின் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

வரிக்காக அவள் அழவில்லை, அரிப்புக்காக அழுதாள்.
சீப்பின் முதுகால் சொறிந்தாள்,
கதவு நிலையில் இடுப்பை உரசினாள்.
வேலியில் உரசும் ஆடு மாதிரி என்று
வாய் தவறிச் சொன்ன இரவு
எனக்கு சோபாதான் படுக்கை.

மருத்துவச்சி ஓட்னி பூசி மெழுகத் தெரியாதவள்.
நான் வாங்கிக் குவித்த ஏழு குப்பிகளையும்
மேசையில் நிறுத்தி ஒவ்வொன்றாய் முகர்ந்தாள்.
ரோஜா வேண்டாம். லாவெண்டர் வேண்டாம்.
அழித்துவிடும் என்று எழுதியிருப்பது எதுவுமே வேண்டாம்.
அழியாது, பெண்ணே.
உள்ளே கிழிந்ததை மேலே தடவி ஒட்ட முடியாது.
சிவப்பு வடியும், வெள்ளியாகும்,
நாள் பிடிக்கும்.
அரிப்புக்கு மட்டும் இது, மணமில்லாத களிம்பு,
வெதுவெதுப்பாய்க் குளித்த ஈரம் காய்வதற்குள்.
உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால்
நடுராத்திரி என்று பார்க்காதே, கூப்பிடு.

இடுப்பின் பின்பக்கம் அவளுக்கு எட்டவில்லை.
என்னைப் பார்த்தாள்.
பிறகு என் கைகளைப் பார்த்தாள்.
இருபது வருடம் கடலில் கயிறு இழுத்தவை,
கட்டைவிரல் அடியில் ஒருநாளும் மூடாத பிளவு.
முதல் தடவலுக்கே சொல்லிவிட்டாள்:
உப்புத்தாள்.

உண்மைதான். உப்புதான் தீட்டியது அவற்றை.

புறங்கையால் தடவக் கற்றேன்.
களிம்பை முதலில் என் கைக்குள் உருக்கி
வரியின் போக்கிலேயே போனேன்,
குழந்தை உதைத்த இடத்தில்
நின்று வழிவிட்டு.

ஜனவரியில் ஒருநாள், மூன்று மணிக்கு
விளக்கைப் போட்டாள்.
உள்ளங்கை, என்றாள்.
மலையைக் குடைந்த சுரங்கம் வழியே ஓட்டினேன்.
கார் கண்ணாடியில் இரு கைகளையும் ஒட்டவைத்துக்
குளிர்வித்தபடி வந்தாள், சரணடைந்தவள் போல.
ரத்தம் எடுத்தார்கள். ஈரல் என்றார்கள். பார்க்கலாம் என்றார்கள்.
சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையை
மூன்று முறை படித்தேன்.
இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி சொன்னது:
பயமில்லை.
அதுவரை நாங்கள் இருவரும் பேசியதெல்லாம்
பருப்பு சூப்பைப் பற்றி.

பிப்ரவரியில் பெண்.
பெயர் இன்னும் வைக்கவில்லை; இங்கே யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.
வயிறு இறங்கிவிட்டது, வரிகள் இறங்கவில்லை,
காற்றுப் போன பாய்மரத்தில் மடிப்புகள்.
தொடாதே என்றாள் கொஞ்ச நாள்.
களிம்பை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்,
மூடியைத் திருகாமல்.

பத்து வாரம் கழித்து ஊர் வெந்நீர்க் குளத்துக்குப் போனோம்.
ஆடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்த பிறகே
இறங்கலாம் என்பது சட்டம்.
பெண்கள் பக்கம் அவள் போய் நெடுநேரமாயிற்று.
ஆவிக்குள் கழுத்தளவு உட்கார்ந்து
கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வந்தவள் நீரில் அமிழ்ந்து
என் காதில் சொன்னாள்:
வங்கியில் உட்காரும் குன்வோருக்குத் தொடைவரை இருக்கிறது.
இத்தனை வருஷம் நான் கவனித்ததே இல்லை.
அன்றிரவு மேல்தட்டுக்கு அவளே எட்டினாள்.

மே மாதம் விடுப்பு முடிந்தது.
படகில் கெட்டில் என் கையைக் குலுக்கியவன்
விடாமல் திருப்பிப் பார்த்தான்.
என்னப்பா, பியானோ வாசிக்கப் போயிருந்தாயா?
அப்போதுதான் நானும் பார்த்தேன்:
அவள் வரிகளில் ஒன்றைக்கூட அழிக்காத களிம்பு
என் கையில் இருபது வருடத்தை அழித்திருந்தது.
கட்டைவிரல் பிளவு மூடியிருந்தது.

முதல் இழுப்பிலேயே கயிறு புது இடத்தில் அறுத்தது.
திட்டிக்கொண்டே இழுத்தேன்.

சாயங்காலம், பழக்கத்தில், வாசலில் நின்றேன்.
வாடை இப்போது ஆகிறதா என்று கேட்டேன்.
இல்லை, என்றாள்
கதவை அகலத் திறந்து.