நாற்பத்தொரு பாக்கெட்

பாம்பன் பாலத்தில் வண்டி நிறுத்திப்
படம் பிடிக்கிறவர்களுக்கு
பாப்கார்ன் விற்கிறேன்.
பொரிப்பது பெரிய வேலை இல்லை.
குக்கர், எண்ணெய், மஞ்சள்தூள், உப்பு.
வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்,
காற்றோடு.

இங்கே காற்று சும்மா வராது.
ஒரு வாய்க் கடல்நீரைக்
கொப்பளித்துக்கொண்டே வரும்.
கச்சான் என்றால் ஒரு மணி நேரம் தாங்கும்.
கொண்டலுக்கு அரை மணி.
வாடை எழும்பிவிட்டால்
கூம்பில் அள்ளிச் சில்லறை எண்ணுவதற்குள்
நமத்துவிடும்.

வண்டி ஓரத்தில் ஒரு தட்டு,
தட்டில் ஒரே ஒரு பொரி, திறந்தபடி.
அது விற்பதற்கில்லை.
அரை மணிக்கொரு தரம் கடித்துவிட்டு
வேறொன்று வைப்பேன்.
வானிலை ஆபீஸ் நைனா முகமது சார்
டீக்கு வரும்போது கேட்பார்:
"டெல்பின், ரிப்போர்ட் என்ன?"
"பல்லில் ஒட்டுது சார்."
"எண்பத்தாறு" என்பார்.
கருவி பார்த்துவிட்டு வந்த மனுஷன்தான்,
ஆனாலும் ஒன்றைக் கடித்துப் பார்ப்பார்.

என்னிடம் இரண்டு டின்.
பச்சை மூடியில் சோளம்,
நீல மூடியில் பொரி.
பச்சையிலிருந்து ஈரம் வெளியே போகக் கூடாது.
நீலத்துக்குள் ஈரம் வரக் கூடாது.
காய்ந்த சோளம் சட்டியில் உருளும், கருகும்,
வாய் திறக்காது.
ஒருமுறை பழைய மூட்டை வாங்கி ஏமாந்தேன்.
ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்துக் குலுக்கி
மூன்று நாள் மூடி வைத்த பிறகுதான் வெடித்தது.
"தண்ணியை விடுறதா, தடுக்குறதா,
ஒண்ணைச் சொல்லு" என்றான் இன்னாசி.
அவன் படகு ஓட்டை அடைக்கிறவன்.
அவனுக்குத் தண்ணீர் ஒரே பக்கம்தான்.

போன கார்த்திகையில்
மூன்றாம் நம்பர் கூண்டு ஏறியது பத்து மணிக்கு.
ஒன்பதரைக்கே ஒரு கிலோ பொரித்திருந்தேன்.
ஒரு பஸ்கூட வரவில்லை.

வீட்டுக்குத் தள்ளிவந்து
ஜன்னலுக்குச் சாக்கு அடைத்தேன்.
ஆறும்வரை தொடவில்லை.
சூட்டோடு கட்டினால் பொரியே வியர்க்கும்,
தன் வியர்வையில் தானே ஊறும்.
பிறகு மெழுகுவர்த்தி, ஆக்ஸா பிளேடு,
பாலித்தீன் வாயை மடித்துப் பிடித்து
விளிம்பை மட்டும் சுடரில் காட்டி
ஒவ்வொன்றாக.
இருபதாவதில் கரண்ட் போனது.
மெழுகுவர்த்திக்கு என்ன கவலை.
நாற்பத்தொன்று.
டின்னுக்கு அடியில்
வறுத்த அரிசி ஒரு துணிமுடிச்சு.

மூன்று ராத்திரி.
சுவர் வியர்த்தது.
தீக்குச்சி உரசினால் மருந்து உதிர்ந்தது.
உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது.
அப்பளம் ஈரத்துணி மாதிரித் தொங்கியது.
கை அடிக்கடி நீல மூடிக்குப் போனது.
"திற, பாப்போம்" என்றான் இன்னாசி.
திறந்தால் பார்க்கிறது காற்றும்தான்.

நாலாம் நாள் கூண்டை இறக்கினார்கள்.
நைனா சார் சைக்கிளில் வந்தார்,
கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.
"ரிப்போர்ட்?"
ஒரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன்.
ஒன்றை எடுத்து
அவர் காதோரம் வைத்து
இரண்டு விரலால் நொறுக்கினேன்.
கறுக்.

மிச்சம் நாற்பது. ஒன்று பத்து ரூபாய்.
இருபது கொடுத்தார்.
மீதி கொடுக்க
என் டப்பாவிலிருந்த பத்து ரூபாய் நோட்டு
கையில் எடுத்ததும்
இரண்டாக மடங்கித் தொங்கியது.