பிரேக்

இரண்டு சீசனாக நான்
பிரேக்ஃபாஸ்ட் என்றுதான் சொன்னேன்.
வாசல் பலகையில் அப்படித்தானே இருக்கிறது,
முதலில் பிரேக், பிறகு ஃபாஸ்ட்.
ஒன்று நில் என்கிறது, மற்றது ஓடு என்கிறது.
காலைச் சாப்பாட்டுக்கு
ஏன் ஓட்டோக்காரரின் பெயரை வைத்தார்களோ என்றிருந்தேன்.

போனில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால்
உள்ளிருந்து ஒருத்தி சொல்கிறாள்: பிரெக்ஃபஸ்ட்.
மறுபடி தொட்டேன். பிரெக்.
நாற்பது தரம் கேட்டாலும்
குரலில் ஒரு சுளிப்பு இல்லை அவளுக்கு.
ஏகாரம் எங்கே போனது?
அதே எழுத்துகள்தான். தனியே நின்றால் நெடில்,
சாப்பாட்டோடு சேர்ந்தால் குறில்.
பசியில் குறுகிவிட்டதாக்கும்.

அர்த்தத்தையும் தட்டிப் பார்த்தேன்.
நோன்பை விடுதல் என்று வந்தது.
முட்டை அப்பம் சட்டியில். கரண்டி கையில் அப்படியே நின்றது.
ரமழான் பதினொன்று அன்று.
சஹருக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல்
உல்லையில் பதினாறு வெள்ளைக்காரருக்கு
நான் நோன்பு திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்,
காலை எட்டு மணிக்கு.

அந்தச் சொல்லைத் தொட்டால் குடும்பமே எழும்பி வருகிறது.
கோப்பை உடைந்தாலும் பிரேக்.
கிளை முறிந்தாலும், கயிறு அறுந்தாலும்,
சொன்ன சொல் தவறினாலும்,
காய்ச்சல் விட்டாலும், கிழக்கு வெளுத்தாலும்
பிரேக்.
நோன்பு முறிந்தால் கழா இருக்க வேண்டும்.
நோன்பு திறந்தால் ஈத்தம்பழம்.
இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிட்டு
எப்படித்தான் பிரித்தெடுக்கிறார்களோ.

என் மனுசன் கடலுக்குப் போறவர்.
அலை உடையிற இடத்துக்குத் தோணியைக் காட்டப்படாது என்பார்.
அந்த இடத்துக்குத்தான் இவர்கள்
விமானம் ஏறி வருகிறார்கள்.
பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
குசினி வாசலில் நின்று கேட்பார்கள்,
இன்றைக்கு பிரேக் எப்படி?
நல்லா உடையுது என்று சொல்லப் பழகிவிட்டேன்.
சொல்லும்போது வலை காயும் பக்கம் பார்ப்பதில்லை.

கோமக் என்று ஓர் அயர்லாந்துப் பையன்.
என்னை ஃபோமியா என்பான்.
ஃபௌமியா, ஃபௌ, ஃபௌ என்று
வாயைக் குவித்துக் காட்டியும்
அவன் நாக்கு ஔகாரத்தைத் தாங்கவில்லை.
ஃபோம் என்றால் நுரை. போகட்டும்,
இந்தக் கரையில் நுரைக்கா பஞ்சம்.

ஒரு நாள் மேசையில் தலை கவிழ்ந்து
ஐ ஆம் புரோக் என்றான்.
புரோக்: உடைந்தது, இறந்தகாலம். எனக்குத் தெரியும்!
அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடினேன்.
எங்கே? தோளா? முழங்காலா?
கோடாலித் தைலத்தைத் திறந்து பிடித்தபடி
காலைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன்,
பாறை உரசிய பழைய சிராய்ப்பு,
வேறொன்றும் இல்லை.
அவன் காற்சட்டைப் பையை
வெளியே இழுத்துக் காட்டினான்.
மணல் கொட்டியது.

காசில்லாதவனை அங்கே உடைந்தவன் என்கிறார்கள்.
நாங்கள் கையைக் கடிக்குது என்போம்,
எலும்பு வரைக்கும் போகமாட்டோம்.
கொப்பியில் அவன் பெயருக்கு நேரே
அப்பம் இரண்டு என்று எழுதினேன்.

மத்தியானம் அவன் சாப்பிட வரவில்லை.
வெயில் முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு
மஃரிபுக்கு முன்னால் வந்து
குசினிப் படியில் குந்தினான்,
உதடு வெடித்து, கண் சிவந்து.
யாரும் நிய்யத்து வைக்காத ஒரு நோன்பு.

பொத்துவில் பக்கமிருந்து பாங்கு வந்தது.
பழத்தைப் பிய்த்து வாயில் போட்டேன், அவனுக்கும் ஒன்று.
கஞ்சிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்தேன்.
இதற்கு என்ன பெயர் என்று கேட்டான்.

பிரேக்ஃபாஸ்ட் என்றேன்.

சிரித்தான். பிரெக், பிரெக் என்று திருத்தினான்,
போனுக்குள் இருப்பவளின் தம்பி மாதிரி.

இல்லை, கோமக்.
காலையில் அது குறில்.
இது நெடில்.
சுடும், ஊதிக் குடி.