மூன்று சனி இரவுகள்

லூட்டனில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் கூடத்தில்
இரவு பத்திலிருந்து ஆறுவரை நிற்பேன்.
குளிர் நாலு டிகிரி.
தட்டுக்கு ஒரு பழக்கிண்ணம்:
திராட்சை ஐந்து, மெலன் இரண்டு துண்டு, அன்னாசி ஒன்று.
ஆகாயத்தில் யாரோ திறந்து, பாதி தின்று, மூடுவார்கள்.
ஒன்றை வாயில் போட்டால் வேலை போகும்.
வயிற்றுக்குள் இருந்தவளுக்கு அந்தச் சட்டம் தெரியாது.
கிண்ணம் கைக்கு வரும்போதெல்லாம் உதைத்தாள்.

இருபத்தைந்தாவது கிழமை
மருத்துவிச்சி பெவர்லி ஒரு படிவம் எடுத்தாள்.
இரும்புச்சத்து, கீரை, நடை, இடப்பக்கம் சாய்ந்த தூக்கம்,
சொல்லவேண்டியதெல்லாம் சொல்லிக் கையெழுத்திட்டாள்.
நூற்றுத் தொண்ணூறு பவுண்.
பிள்ளைத்தாய்ச்சி எல்லாருக்கும் கொடுக்கிறார்கள்,
உனக்கு மட்டும் என்று கூசாதே என்றாள்.
நான் கூசியது அவளுக்கு எப்படித் தெரிந்தது?

அந்தக் கிழமை தேநீர் இடைவேளையில்
மேற்பார்வையாளர் டெரக் பேப்பரை விரித்து வாசித்தார்:
இந்தக் காசில் ரீவி வாங்குவார்கள்,
சிகரெட் வாங்குவார்கள், பிள்ளைக்கா போகப்போகிறது?
என்னைப் பார்த்து அல்ல. பேப்பரைப் பார்த்துத்தான்.
இங்கிலீசில் எனக்குப் பதில்கள்
வீடு திரும்பும் பஸ்ஸில்தான் வரும்.

ஆகவே டெரக், இப்போது கேளுங்கள்.
மின்சாரச் சாவிக்கு இருபத்தொன்பது போட்டேன்.
சுகிர்தன் பெற்றோல் ஷெட்டிலிருந்து வருவதற்குள்
மீற்றர் சிவந்து, பிரிட்ஜ் பேச்சை நிறுத்தும் வீடு அது.
இருபத்திரண்டுக்குச் சப்பாத்து. ஒரு அளவு பெரிது.
வீங்கிய காலுக்கு வெட்கம் கிடையாது.
நூற்று முப்பத்தெட்டுக்கு
மூன்று சனி இரவுகளை வாங்கினேன்.

ஆம், வாங்கினேன். எந்தக் கடையிலும் அவை இல்லை.
ஒன்று நாற்பத்தாறு பவுண்;
இன்றைக்கு வரமாட்டேன் என்று போனில் சொல்வதன் விலை.
முதல் சனி தூக்கம் பிடிக்கவில்லை,
போர்வைமேல் கை தானாகத் தட்டு அடுக்கியது.
இரண்டாம் சனி பதினொரு மணிநேரம் தூங்கினேன்,
சுகிர்தன் பயந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான்.
மூன்றாம் சனி வேண்டுமென்றே விழித்துக் கிடந்தேன்.
கடைசி விமானம் கூரைக்கு மேலே போனது,
நான் அடுக்காத தட்டுகளோடு.
அவளுக்கு உள்ளே விக்கல் எடுத்தது.
எண்ணினேன். வேறு எதையும் எண்ணவில்லை.

பழம் வாங்கவில்லையா என்பீர்கள்.
மிச்சம் ஒரு பவுண் இருந்தது. பெரி பார்க்கில்
ஒரு கிண்ணம் திராட்சை, ஐந்து அல்ல, முழுக் கிண்ணம்.
வீடு வரமுன் முடிந்துவிட்டது.

நிதுசா. இரண்டு கிலோ தொள்ளாயிரத்து எண்பது.

இரண்டு வருஷம் கழித்து அகரன் வயிற்றில்.
பெவர்லி அதே இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள்.
அந்தப் படிவம் இப்போது இல்லை,
நிறுத்திவிட்டார்கள் என்றாள்,
தானே எடுத்துத் தின்றவள் போல.
கீரை இருந்தது, நடை இருந்தது,
இடப்பக்கத் தூக்கமும் இருந்தது, சொல்வதற்கு.
சனி இரவு ஒன்றும் விடாமல் போனேன்.
காலில் பழைய சப்பாத்து, இப்போது சரியான அளவு.

இரண்டு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது.
நாற்பது கிராம்தானே வித்தியாசம்,
தட்டில் வைக்கும் வெண்ணெய்ப் பொதி நாலு.
பிள்ளைகள் கெட்டிக்காரர். தங்கள் பங்கை எடுத்துவிடுவார்கள்,
எங்கிருந்து என்று பார்ப்பதில்லை.

அகரனுக்கு நாலு மாதத்தில்
என் கடைவாய்ப்பல் ஆடியது.
பிள்ளை பெற்று ஒரு வருஷத்துக்குப்
பல் பிடுங்குவது இலவசம் என்றார்கள்.
பிடுங்கினார்கள்.
பல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், டிசூவில் சுற்றி.
நிறுத்துப் பார்க்கவில்லை.