விளி

சிகாகோ. லாரி கம்பெனி. இரவு ஷிப்ட்.
இரண்டு ஃபோன்களுக்கு நடுவே
மார்லின் ஓக்ஸ் கட்டணம் கூட்டுகிறாள்.
தனியார் கல்லூரி: ஒரு பருவத்துக்குப் பதினெட்டு டயர் விலை.
பக்கத்து மாநிலம்: வெளியூர்க்காரி, ஆகவே இரட்டிப்பு.
அரசுக் கல்லூரிதான் கைக்கு எட்டியது
ஆறு பேர் சேர்ந்தால் வகுப்பு,
இதுவரை ஐந்து.

லிதுவேனிய மொழியில் ஏழு வேற்றுமையாம்.
கட்டணத்தில் அதற்கும் மேல்.

ஆறாவதாகத் தன் பெயரை எழுதி
டயர் கடையில் கேட்பதுபோலவே
தவணை கேட்டாள்.

மூன்றாம் வாரம்
அயோவா பனியில் சிக்கியவன்
வழக்கம்போல் தன் மொழியில் திட்டிக்கொண்டிருந்தான்.
"கின்டவுதாய்" என்றாள்.
கின்டவுதாஸ் அல்ல. விளி.

மறுமுனையில் வைப்பர் சத்தம் மட்டும்.
பிறகு மெதுவாகக் கேட்டான்,
இத்தனை நாள் நான் சொன்னதில்
எதெல்லாம் புரிந்தது?