பாத்திரங்கள்

வாலிநோக்கம் உப்பளத்துக் குடோனில்
மே தின நாடகம்.
கடல் தாண்டி வந்த கதை.
கறுத்தவன் ஒருவன்மேல்
வெளுத்த ஊர் ஒன்று பழி போடுகிறது.
யாரோ தமிழில் சுருக்கி
இருபத்தெட்டுப் பக்கம் தட்டச்சு செய்திருந்தார்கள்.
ஏழாம் பக்கம் இல்லை.

சங்கச் செயலாளர் உமையபாண்டி
பாத்திரங்களைப் பங்கு வைத்தார்.
வக்கீல் நான்தான் என்றார் முதலிலேயே.
பொய் சொல்லும் பெண்ணுக்கு யாரும் வரவில்லை,
கடைசியில் சந்தியாகு மீசையை மழித்துக்கொண்டான்.
அவளுடைய அப்பனாக
லாரி புக்கிங் நாகூர்கனி.
நல்ல மனிதர், குடிகாரனாக நடிக்கக்
கொஞ்சம் கூச்சப்பட்டார்.
ஜூரிகள் பன்னிரண்டு பேர்.
ஒரு வசனமும் கிடையாது, உட்கார்ந்திருந்தால் போதும்.
அதற்குத்தான் அடிதடி.

கூண்டில் நிற்பவன் என்று வாசித்ததும்
யாரும் பேர் சொல்லவில்லை.
எல்லார் கண்ணும்
வழிவிட்டான் மேல் போய் நின்றது.

சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவன்
கோணூசியைக் காதோரம் செருகினான்.
"நான் நீதிபதி."

சிரித்தார்கள்.
"கறுப்பா இருக்கணும்னா
இங்கன எல்லாரும் வெயில்ல வெந்தவுகதான" என்றான்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

வேறு வழியில்லாமல்
அங்கியைக் கணக்குப்பிள்ளையிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு
உமையபாண்டியே கூண்டேறினார்.
"நான் செய்யலை ஐயா."
கடன் கேட்டு வந்தவனை விரட்டுகிற தொனி.
வழிவிட்டான் கை காட்டி நிறுத்தினான்:
"கண்ணப் பாத்துச் சொல்லமாட்டாக.
காலப் பாத்துச் சொல்லுவாக.
எங்கண்ணன் அப்பிடித்தான் சொன்னான்."

டீ வந்தது.
எல்லார்க்கும் எவர்சில்வர் டம்ளர்,
நீதிபதிக்குக் காகிதக் கப்.
"டம்ளர் பத்தலை" என்றான் கடைப்பையன்,
யாரும் கேட்காமலே.
தூக்கில் ஒன்று மிச்சமாய்க் கவிழ்ந்து கிடந்தது.
பாத்திரம் என்றால் தமிழில்
அதுவும்தான்.

என் வேடத்தைச் சொல்லவில்லையே.
திரைக்குப் பின்னால் நின்று
மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பவள்.
பட்டியலில் பேர் இல்லை.
பகலில் இதே உப்பளத்தில் மஸ்டர் எழுதுகிறேன்,
ஒன்பது வருஷமாக.

மோட்டார் களவுபோன அந்த ஆவணி இரவில்
வழிவிட்டானின் அண்ணன் முத்திருளன்
விடியும்வரை லாரிக்கு மூட்டை ஏற்றினான்.
என் நோட்டில் கைநாட்டு வைத்தான்.
மை காயுமுன் மூடிவிட்டதால்
ஓரத்தில் கொஞ்சம் இழுவியிருந்தது.
மறுநாள் மேனேஜர் புது நோட்டு கொடுத்தார்.
பழையதைப் பார்த்து எழுதச் சொன்னார்,
ஒரு வரி விட்டு.

என் கையெழுத்து அழகு என்பார்கள்.
ராமநாதபுரம் கோர்ட்டிலும் யாரோ சொன்னார்களாம்.
முத்திருளனுக்கு இரண்டு வருஷம்.
வெளியே வந்தவன் ஊருக்கு வரவில்லை.
தூத்துக்குடிப் பக்கம் பார்த்ததாகச் சொல்கிறார்கள்,
வேம்பார் என்றும் சொல்கிறார்கள்.

மே ஒன்று. கச்சான் காற்றில்
திரை வயிறு புடைத்து அடங்கியது.
தீர்ப்புக் கட்டம்.
நீதிபதிக்கு மூன்று வரி வசனம்.
அவன் பேசவில்லை.
மறந்துவிட்டான் என்று எடுத்துக் கொடுத்தேன்.
காதில் விழுந்தது, தலை அசைந்தது,
பேசவில்லை.
பிறகு திரையின் கிழிசலைப் பார்த்து,
அதாவது என்னைப் பார்த்து,
தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டான்:
"வேற சாட்சி இருக்கா?"

ஏழாம் பக்கத்தில் இருந்திருக்குமோ என்னவோ.

அமீனா வேஷம் கட்டிய சேதுமாணிக்கம்
திகைத்துப்போய் என் பக்கம் சாய்ந்தான்.
"என்னக்கா சொல்லணும்?"
இல்லை என்றால் போதும், நாடகம் நகர்ந்துவிடும்.
ஒரே சொல்.
எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை.

ஜூரிகள் பன்னிரண்டு பேரும்
அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்,
ரொம்ப நன்றாக.

சேதுமாணிக்கம் மறுபடி கேட்டான்,
உதட்டை மட்டும் அசைத்து.