பூலம்மாள் வீட்டுச் சுவர்

களக்காடு பஸ் ஸ்டாண்டுக்குத் தெற்கே
அவ்வளவு நீளமான சுவர் வேறு கிடையாது.
எண்பத்தேழு ஆவணியிலேயே நீலத்தால் பெட்டி கட்டி
மூலையில் 'ரிசர்வ்' போட்டு வைத்திருந்தேன்,
யாருக்கென்று தெரியாமலே.

ஐப்பசியில் சண்டை முற்றியிருந்தது.
கட்சிக்காரர் சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில்
எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்:
இந்தியப் படையே திரும்பி வா.
பதிமூன்று எழுத்து. எழுத்துக்கு நாலணா.
ஆச்சரியக்குறி இனாம்.

மழை வெறித்த ராத்திரி.
'படையே'க்குக் கொம்பு வளைத்துக்கொண்டிருந்தேன்.
அரிக்கேனோடு வெளியே வந்தாள் பூலம்மாள்.
வாசிக்கத் தெரியாது.
"என்னய்யா எழுதுத?"
சொன்னேன்.
யாரைத் திட்டி என்பதையும் சொல்லியிருக்கலாம்.
அதற்குள் விளக்கை உயர்த்திப் பிடித்துவிட்டாள்,
எனக்கு வெளிச்சம் போதாதென்று.
"எம் பயலும் அங்கதான் கெடக்கான்.
அவன் பேரையும் சேத்து எழுதிரு.
பட்டாளம்னு பொதுவாக் கூப்ட்டா
அவனுக்குக் கேக்காது."

தளவாய். நாலு எழுத்து.
முந்தியை அவிழ்த்து ஒரு ரூபாய் தந்தாள்.
வாங்கிக்கொண்டேன். தொழில்.
கட்சிக்காரர் கண்ணில் படாமல்
ஜலதாரைக்குப் பக்கத்தில், சின்னதாக.

டீக்கடையில் இலங்கை வானொலி பேசும்.
யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி என்று காதில் விழுந்த அன்று
கிளாஸ்கள் பெஞ்சிலேயே ஆறிப்போயின.
பூலம்மாள் பால் வாங்க வரும்போதெல்லாம்
யாராவது எழுந்து ஸ்டேஷனைத் திருப்பிவிடுவார்கள்.
அது மரியாதையா வெறுப்பா
எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உண்டியல் குலுக்கி வந்தார்கள்,
அகதிகளுக்காக.
அன்று காலை வந்த மணியார்டரிலிருந்து
இரண்டு ரூபாய் போட்டாள்.
மகன் விரட்டிவிட்ட சனத்துக்கு
தாய் கஞ்சி ஊத்துகிறாள் என்று
ஒருத்தன் சொல்லிச் சிரித்தான்.
சிரித்தவர்களில் நானும் உண்டு.

தையில் மகள் கோமுவுக்குப் பேசிய
பத்தமடைச் சம்பந்தம் முறிந்தது.
"பொண்ணு தங்கம். அண்ணன் போன எடந்தான்..."
தட்டத்து வெற்றிலையைத் தொடாமலே எழுந்துபோனார்கள்.

கடம்போடுவாழ்வுக்கு ஒரு பெட்டி வந்தது.
சர்க்கார் மாலை ஒன்று, சொந்தக்காரர் மாலை நாலு.
ஐந்தையும் எண்ணிவிட்டு வந்து
ஊருக்குள் யாரிடமும் சொல்லவில்லை நான்.
பூலம்மாளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.
மூன்று நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை.

தொண்ணூறு பங்குனியில்
கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினான் தளவாய்.
டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு
சுவர் முன்னால் வெகுநேரம் நின்றான்.
கடைப்பலகையில் படுத்திருந்தேன், தூங்குகிற மாதிரி.
பீடி கேட்டு வந்து உட்கார்ந்தான்.

"அங்கயும் சுவத்துக்குச் சுவரு இதேதான் எழுதிருக்கும்ணே.
எங்க செக்‌ஷன்ல எனக்கு மட்டுந்தான் தமிழ் வாசிக்கத் தெரியும்.
என்ன எழுதிருக்குன்னு சுபேதார் கேப்பாரு.
சோப்பு விளம்பரம்னு சொல்லிருவேன்."

பீடி பாதியில் அணைந்தது.
நெருப்புக் கேட்கவில்லை.

சித்திரையில் நிஜமாகவே ஒரு சோப்புக் கம்பெனிக்காரன் வந்தான்.
இரண்டு பூச்சு வெள்ளையடித்தேன்.
அவன் லீவு முடியப் பத்து நாள் இருந்தது;
ஏணியைப் பிடித்துக்கொண்டான்.
முதல் எழுத்துக்கு நூல் அடிக்கும்போது
பூலம்மாள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.
"என்னய்யா எழுதுத?"
நான் வாயைத் திறக்குமுன் அவன் சொன்னான்,
"சோப்பு விளம்பரம்மா."

அவள் நம்பவில்லை.
ஜலதாரைப் பக்கம் போய்க் குனிந்து
ஈரச் சுண்ணாம்பைத் தடவிப் பார்த்தாள்.